மெல்பர்னில் இரண்டு பேர், இரண்டு முதுகுப்பை, ஒரு சனி ஞாயிறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னியிலும் அடிலெய்டிலும் ஹோபார்ட்டிலும் இருக்கும் நண்பர்கள், அவர்களின் நண்பர்கள், ஊரிலிருந்து சுற்றிப்பார்க்க வரும் சொந்தக்காரர்கள் என்று வருஷம் முழுக்க யாராவது ஒரு ஜோடி எனக்குப் போன் செய்கிறார்கள். வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை திரும்ப வேண்டும், கையில் பணம் அதிகமில்லை என்பார்கள். திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொன்ன பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். எல்லாத் தொகையும் ஆஸ்திரேலிய டாலரில். விலைகளைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டே நாள்தான் இருக்கு. மெல்பர்னைப் பார்த்த மாதிரி இருக்குமா, ஓடின மாதிரி இருக்குமா?

நகரத்தை மட்டும் பார்ப்பதென்றால் போதும். நடுநகரம் சின்னது. நேர்நேராகக் குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள், நடுநடுவே சந்துகள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நிதானமாக நடந்தாலே அரை மணி நேரம்தான். சனிக்கிழமை முழுவதும் நகரம், ஞாயிறு காலை ஏதாவது ஒரு வெளியூர் அல்லது கடற்கரை, மாலை கிளம்புவது. இப்படி வந்தவர்கள் யாரும் குறை சொல்லித் திரும்பியதில்லை.

ஓடின மாதிரி ஆவது எப்போது தெரியுமா? இந்த இரண்டு நாளுக்குள் கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலை, பெங்குவின், நீராவி ரயில், திராட்சைத் தோட்டம் என்று எல்லாவற்றையும் திணிக்கும்போதுதான். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ரெண்டு பேருக்கும் சேர்த்து மொத்தமா எவ்வளவு கையில வெச்சுக்கணும்?

மெல்பர்ன் வந்து சேரும் செலவை விட்டுவிட்டு, நான் போட்டுக்கொடுக்கும் கணக்கு இது. ஹாஸ்டலில் பொதுக் குளியலறையோடு தனி அறை, இரண்டு இரவுக்கு 250 முதல் 300 வரை. சாப்பாடு, ஒரு வேளை வெளியே நன்றாகச் சாப்பிட்டு மற்றதைச் சமைத்துக்கொண்டால் இருவருக்கும் இரண்டு நாளுக்கு 140. டிராம், ரயில், பயண அட்டை எல்லாம் சேர்த்து 55, 60. காபி, தின்பண்டம், எதிர்பாராதது என்று ஒரு 50. ஆக 500 முதல் 550 வரை. தனி அறைக்குப் பதில் பொது அறைப் படுக்கை எடுத்தால் 400ஐ ஒட்டி முடிக்கலாம்.

பார்க்க வேண்டிய இடங்களுக்கு இந்தக் கணக்கில் தனியாக ஒன்றும் போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மறந்துபோய் விட்டது இல்லை. மெல்பர்னில் எனக்குப் பிடித்த இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது.

ஹாஸ்டல்னா படிக்கிற பசங்க தங்குற இடம்தானே? கல்யாணம் ஆனவங்க அங்க போய் நின்னா ஒரு மாதிரி பார்க்க மாட்டாங்களா?

ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஊரில் ஹாஸ்டல் என்றால் நமக்கு வார்டனும் கல்லூரி விடுதியும்தான் நினைவுக்கு வரும். இங்கே அது பயணிகள் தங்கும் மலிவான விடுதி. அறுபது வயதுத் தம்பதிகள் பொதுச் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சில விடுதிகள் வெளிநாட்டுப் பயணிகளுக்கு மட்டுமே இடம் கொடுக்கும். உள்ளூர் முகவரி இருக்கும் அடையாள அட்டையைக் காட்டினால் மறுத்துவிடும். ஆஸ்திரேலியாவிலேயே வசிப்பவர்கள் பதிவு செய்யும் பக்கத்தில் அந்த விதியைத் தேடிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வெள்ளி இரவு தாமதமாக வருபவர்கள், வரவேற்பு மேஜையில் எத்தனை மணி வரை ஆள் இருப்பார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொது அறையில ரெண்டு படுக்கை எடுத்தா மிச்சம் ஆகுமே? எதுக்குத் தனி அறை?

மிச்சம் ஆகும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. படுக்கைக்கு ஆளுக்குத்தான் வாடகை. ஒரு படுக்கை 45 என்றால் இருவருக்கு ஓர் இரவுக்கு 90. அதே இடத்தில் தனி அறை 130 இருக்கும். ஆக, இரவுக்கு 40 டாலர்தான் வித்தியாசம். தனியாகப் பயணம் செய்பவருக்குப் பொது அறை பெரிய சேமிப்பு. ஜோடிக்கு அப்படி இல்லை.

நானும் என் கணவரும் முதல் தடவை எட்டுப் பேர் அறையில்தான் படுத்தோம். ஆளுக்கொரு அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு, இரண்டும் அறையின் இரண்டு மூலையில். இரவு 3 மணிக்கு ஒருவர் வந்து பிளாஸ்டிக் பையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். அந்தச் சரசரப்பு இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் இரண்டு பேரும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிடுசிடுத்தோம். நாள் முழுக்க நடக்கப் போகிறவர்களுக்கு நல்ல தூக்கம் வேண்டும். வேறு எதில் வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள், இதில் வேண்டாம்.

பொது அறைதான் முடியும் என்றால் சின்னப் பூட்டு, காதில் வைக்கும் பஞ்சு இரண்டையும் மறக்காதீர்கள். ஆண் பெண் இருவரும் தங்கும் அறையா, தனித்தனியா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் ஆளுக்கொரு அறையில் படுக்க நேரும்.

ஏர்போர்ட்ல இருந்து டாக்ஸி எடுக்காம எப்படி வர்றது?

டல்லமரீன் விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. ஸ்கைபஸ் என்ற பேருந்து நேரே சதர்ன் கிராஸ் ரயில் நிலையத்துக்கு அரை மணி நேரத்தில் கொண்டுவிடும். ஒரு ஆளுக்கு ஒரு வழிக்கு 20 டாலருக்கு மேல். இரண்டு பேர் போய்வர என்றால் 80ஐத் தாண்டிவிடும்.

மலிவான வழி 901 என்ற சாதாரண நகரப் பேருந்து. அதில் பிராட்மெடோஸ் ரயில் நிலையம் போய், கிரேகிபர்ன் தடத்து ரயிலில் நகரத்துக்கு வரலாம். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், ஆனால் சாதாரணப் பயணக் கட்டணம்தான். வரும்போது இது நல்ல யோசனை. ஞாயிறு இரவு திரும்பும்போது கவனம்: அன்று பேருந்துகள் குறைவு, சீக்கிரமே நின்றும்விடும். கடைசி விமானம் பிடிப்பவர்கள் போகும்போது மட்டும் ஸ்கைபஸ் எடுங்கள். இன்னொன்று, டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று வாங்குவதற்கு முன் அது அவலான் விமான நிலையமா என்று பாருங்கள். அவலான் ஜீலாங் பக்கம், நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கும் அப்பால்.

மைகி கார்டு ஒண்ணு வாங்கி ரெண்டு பேரும் தட்டிக்கலாமா?

முடியாது. ஆளுக்கு ஒரு மைகி வேண்டும். இது டிராம், ரயில், பேருந்து மூன்றுக்கும் பொதுவான பயண அட்டை, விலை 6 டாலர். உள்ளே போடும் பணம் தனி. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர் போனிலேயே மைகியை ஏற்றிக்கொள்ளலாம், அந்த 6 டாலர் மிச்சம். வங்கி அட்டையை நம்பிக் கிளம்பாதீர்கள். மைகி இருந்தால் நகர டிராம், ரயில், பேருந்து எதிலும் கவலையில்லை. 901இல் வருபவர்கள் ஏறுவதற்கு முன்பே அதைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

சனி, ஞாயிறுக்கென்று ஒரு சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. வார நாட்களை விடக் குறைவான ஒரு தினசரி உச்சவரம்பு, 8 டாலரை ஒட்டி. அதற்குமேல் அன்று எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் பணம் எடுக்காது. வெள்ளிக்கிழமைக்கு இது பொருந்தாது. ஆனால் எந்த நாளிலும் மாலை 6 மணிக்குமேல் முதலில் தட்டினால், இரண்டு மணி நேரக் கட்டணமே மறுநாள் அதிகாலை 3 வரை செல்லும்.

டிராம் இலவசம்னு சொன்னாங்களே, அப்புறம் எதுக்குக் கார்டு?

நடுநகரத்துக்குள் மட்டும் இலவசம். 2015 ஜனவரியிலிருந்து இந்த ஏற்பாடு. குயின் விக்டோரியா மார்க்கெட், டாக்லண்ட்ஸ், ஸ்பிரிங் தெரு, ஃபிளிண்டர்ஸ் தெரு இவற்றுக்கு நடுவே மட்டும் போய்வந்தால் அட்டையைத் தட்டவே வேண்டாம். எல்லை முடியும்போது வண்டியில் அறிவிப்பார்கள், நிறுத்தத்திலும் பலகை இருக்கும்.

பேச்சு சுவாரஸ்யத்தில் எல்லையைத் தாண்டுவதில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையத்தைக் கடந்து ஆற்றுப்பாலம் ஏறினாலே இலவசப் பகுதி முடிந்துவிட்டது. செயின்ட் கில்டா கடற்கரை, கார்ல்டன், ரிச்மண்ட் எல்லாம் வெளியே. வெளியிலிருந்து ஏறி நகரத்துக்குள் இறங்கினாலும் தட்ட வேண்டும். பரிசோதகர்கள் சாதாரண உடையிலும் வருவார்கள், அபராதம் 300 டாலரை ஒட்டி. அந்தப் பணத்தில் உங்கள் இரண்டு இரவு அறை வாடகையே முடிந்துவிடும்.

சாப்பாட்டுக்கு என்ன பண்றது? அவர் சைவம், நான் எல்லாம் சாப்பிடுவேன்.

சனிக்கிழமை காலை உணவை குயின் விக்டோரியா மார்க்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 1878இலிருந்து இயங்கும் சந்தை. திங்களும் புதனும் விடுமுறை. உள்கூடத்தில் பொரெக் என்று ஒன்று விற்பார்கள்: கீரையும் சீஸும், அல்லது உருளைக்கிழங்கு, அல்லது இறைச்சி வைத்துச் சுட்ட துருக்கி ரொட்டி. சைவமும் அசைவமும் ஒரே கடையில் முடிந்தது. அப்புறம் வெளியே நிற்கும் பழைய வேனில் சூடான ஜாம் டோனட். காகிதப் பை வழியே சர்க்கரை கையில் ஒட்டும். வாங்கியதும் கடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஜாம் கொழுக்கட்டைப் பூரணம் மாதிரி, மேல் ஆறினாலும் நடுவில் கொதிக்கும். ஒரு நிமிடம் பொறுத்து, ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

சந்தை மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போனால் பழமும் காய்கறியும் கூவிக் கூவி மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அதை வாங்கி ஹாஸ்டலில் சமைத்தால் சனி இரவு முடிந்தது. வெளியே உட்கார்ந்து சாப்பிடும் அந்த ஒரு வேளைக்கு ரிச்மண்டின் விக்டோரியா தெருவைச் சொல்வேன். வியட்நாமியர்கள் வந்து குடியேறி வளர்த்த தெரு. பெரிய கிண்ணத்தில் ஃபோ சூப், டோஃபு வைத்த பான் மீ ரொட்டி என்று இருவருக்கும் ஏதாவது கிடைக்கும். மீன் சாறு சேர்க்கிறார்களா என்று சைவக்காரர் கேட்டுவிடுவது நல்லது. தண்ணீர் பாட்டில் வாங்கவே வாங்காதீர்கள். குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும், யாரா மலைத்தொடரில் ஆள் நடமாட்டம் விடாமல் காக்கும் காடுகளிலிருந்து பெரும்பகுதி வருகிறது.

நம்ம ஊர்ச் சாப்பாடு?

சென்னையிலிருந்து வருகிறீர்கள் என்றால் இரண்டு நாள் தோசை இல்லாமல் இருங்கள். ஹோபார்ட்டிலோ ஏதாவது சின்ன ஊரிலோ ஆறு மாதமாக நல்ல சாம்பாருக்கு ஏங்கிக்கொண்டிருப்பவர்கள் கதை வேறு. அவர்கள் ரயிலேறி டாண்டினாங் போகலாம், நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஃபாஸ்டர் தெருவில் லிட்டில் இந்தியா. போகும் வழிக்கே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள். கோயிலுக்குப் போயே ஆக வேண்டும் என்பவர்களுக்கு சன்ஷைன் நார்த்தில் முருகன் கோயில் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து பொடி, ஊறுகாய் கொண்டுவருபவர்கள் வருகை அட்டையில் உணவு இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டினால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் பெரிய அபராதம்.

காசு கொடுக்காம என்னதான் பார்க்க முடியும்? சும்மா பார்க்ல உட்காரணுமா?

ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையத்தில் ஆரம்பித்து நடந்துபாருங்கள். எதிரே ஃபெடரேஷன் சதுக்கம், அங்கே ஏ.சி.எம்.ஐ. என்ற திரைப்பட அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சி இலவசம். பக்கத்தில் ஹோசியர் சந்து, சுவர் முழுக்கத் தெரு ஓவியம். இன்று பார்த்த படம் அடுத்த வாரம் இருக்காது, அதன்மேல் வேறொருவர் வரைந்திருப்பார். அப்புறம் பாலம் தாண்டினால் என்.ஜி.வி. எனப்படும் விக்டோரியா தேசியக் கலைக்கூடம். நிரந்தரத் தொகுப்புக்குக் கட்டணமில்லை, சிறப்புக் கண்காட்சிக்கு மட்டும் டிக்கெட்.

அங்கே படங்களைப் பார்க்க நேரமில்லாவிட்டாலும் பெரிய மண்டபத்துக்கு மட்டுமாவது போங்கள். கூரை முழுக்க வண்ணக் கண்ணாடி, லெனர்ட் ஃபிரெஞ்ச் என்ற கலைஞர் செய்தது, 50 மீட்டர் நீளம். எல்லோரும் தரையில் மல்லாந்து படுத்துத்தான் பார்ப்பார்கள். நீங்களும் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுங்கள். வெளியே மேகம் நகரும்போது சிவப்பும் நீலமும் மங்கி, திரும்பவும் ஏறும். மேலே இருக்கும் கண்ணாடி அப்படியே இருக்க, உங்கள் சட்டைமேல் விழும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். கால்வலியும் ஆறும். என்னோடு வந்த ஜோடி ஒன்று இருபது நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிடந்தது.

அங்கிருந்து தெற்கே போர் நினைவாலயம், அதன் மேல்மாடத்திலிருந்து நகரம் முழுக்கத் தெரியும். அதற்காகக் காசு கட்டி உயர்ந்த கட்டடம் எதிலும் ஏற வேண்டியதில்லை. அதை ஒட்டி 1846இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. மழை வந்தால் மட்டும் திட்டத்தைத் திருப்பி, மாநில நூலகத்துக்குப் போங்கள். 1913இல் திறந்த எண்கோண வாசிப்பு அறை, உயரமான குவிமாடம், கீழே பச்சை விளக்கு வரிசை. நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரர் போலீஸோடு மோதும்போது அணிந்த இரும்புக் கவசமும் அங்கே இருக்கிறது. 1880இல் அவரைத் தூக்கிலிட்ட பழைய சிறை நூலகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது, அதற்குக் கட்டணம் உண்டு. என்னைக் கேட்டால் கவசமே போதும்.

கிரேட் ஓஷன் ரோடு பார்க்காம வந்தா என்ன பிரயோஜனம்னு எல்லாரும் கேக்கறாங்க. ஒரே நாள்ல போயிட்டு வரலாமா?

பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகள் வரை கடலோரமாகப் போக நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பவும் அதே தூரம். ஒருநாள் சுற்றுலாப் பேருந்துகள் உண்டு, ஆளுக்கு நூறு டாலருக்கு மேல். உங்கள் இரண்டு நாளில் ஒன்று பேருந்து ஜன்னலில் போகும். அடுத்த பயணத்துக்கு வையுங்கள், மூன்று நாளாவது எடுத்துக்கொண்டு போங்கள் என்பதுதான் என் கருத்து.

ஆனால் அந்தச் சாலையின் முதல் பகுதியை மட்டும் மலிவாகத் தொட்டுவர ஒரு வழி உண்டு. 2023 மார்ச் கடைசியிலிருந்து விக்டோரியா மாநிலம் முழுக்க அரசு ரயில், பேருந்துக் கட்டணத்துக்கு நகரத்தின் உச்சவரம்பே பொருந்துகிறது; மைகி பற்றிச் சொன்ன சனி ஞாயிறு சலுகையும் சேர்த்து. சதர்ன் கிராஸிலிருந்து ஜீலாங் வரை ரயில், அங்கிருந்து வி-லைன் என்ற அரசுப் பேருந்தில் ஆங்கில்சீ, லோர்ன் என்ற கடலோர ஊர்கள். அந்தப் பேருந்தில் மைகி செல்லாது, காகிதச் சீட்டு வாங்க வேண்டும். வாரக்கடைசியில் பேருந்துகள் மிகக் குறைவு. திரும்பும் வண்டியின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் போகும் வண்டியை முடிவு செய்யுங்கள்.

அவ்வளவு அலைச்சல் வேண்டாம். பக்கத்துலயே காடு, மலை, கடல் ஏதாவது?

கடல் என்றால் 96ஆம் எண் டிராமில் செயின்ட் கில்டா. கடற்கரை மேற்கு பார்த்தது, அதனால் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். மெரினாவில் உதயம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

காடு என்றால் ஞாயிறு காலை பெல்கிரேவ் ரயில். கடைசி நிலையத்தில் இறங்கி நடந்தால் ஷெர்புரூக் காடு. அங்கே மவுண்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் மரங்கள் நிற்கின்றன, பூக்கும் தாவரங்களில் உலகிலேயே மிக உயரமாக வளரும் இனங்களில் ஒன்று. கீழே ஆளுயரப் பெரணி. லயர் பறவை அங்கே இருக்கிறது. மற்றப் பறவைகளின் குரலை அப்படியே திருப்பிக் கூவும். அதிகாலையில் போனால் கேட்க வாய்ப்பு அதிகம். பஃபிங் பில்லி நீராவி ரயிலும் பெல்கிரேவிலிருந்துதான் கிளம்புகிறது, ஆனால் அதன் கட்டணம் இந்தப் பட்ஜெட்டுக்கு இடிக்கும். புகையோடு அது கிளம்புவதை நின்று பார்க்கக் காசில்லை.

என்ன டிரஸ் எடுத்துட்டு வரணும்?

எந்த மாதமானாலும் மழை தாங்கும் ஒரு மேற்சட்டை. ஒரே நாளில் நான்கு பருவம் என்று இந்த ஊரைப் பற்றிச் சொல்வது உண்மை. கோடையில் மதியம் 38 டிகிரி கொளுத்திவிட்டு, தெற்குக் காற்று திரும்பினால் ஒரு மணி நேரத்துக்குள் குளிர ஆரம்பித்துவிடும். ஜூலையில் பகலே 14 டிகிரிதான். குடை காற்றில் மடங்கிப்போகும், எடுத்துவர வேண்டாம். வெயில் நம் தோலையும் சுடும், சன்ஸ்கிரீன் போடுங்கள்.

ஞாயித்துக்கிழமை காபிக் கடையில பில்லுல 10% கூட்டிப் போட்டாங்க. ஏமாத்தறாங்களா?

இல்லை. வார இறுதியில் ஊழியர்களுக்குக் கூடுதல் சம்பளம் தர வேண்டும் என்பதால், பல கடைகள் ஞாயிறன்று 10%, பொது விடுமுறையில் 15% சேர்க்கின்றன. மெனுவிலோ கல்லாவிலோ எழுதியிருக்கும். அதனால்தான் அந்த ஒரு நல்ல சாப்பாட்டைச் சனிக்கிழமைக்கு வைக்கச் சொல்கிறேன்.

ராத்திரி லேட்டானா திரும்ப வர முடியுமா? பயமா இருக்காதா?

வெள்ளி, சனி இரவுகளில் ரயில்கள் விடிய விடிய ஓடும், மணிக்கு ஒன்று. 96, 86, 109 உட்பட ஆறு டிராம் தடங்கள் அரை மணிக்கு ஒன்று. ரயிலில் ஓட்டுநர் இருக்கும் முதல் பெட்டியில் ஏறுங்கள். நடுநகரத்தில் நள்ளிரவிலும் ஆள் நடமாட்டம் இருக்கும். குடித்துவிட்டுச் சத்தம் போடுபவர்கள் இருப்பார்கள், கண்டுகொள்ளாமல் நடந்துவிடுங்கள்.

எந்த வாரம் வரக் கூடாது?

ஜனவரி டென்னிஸ், மார்ச்சில் கார் பந்தயம், செப்டம்பர் கடைசியில் கால்பந்து இறுதிப் போட்டி, நவம்பர் முதல் செவ்வாயன்று நடக்கும் மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயத்துக்கு முந்தைய சனி ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் டெஸ்ட். இந்த நாட்களில் மேலே நான் சொன்ன அறை வாடகை எதுவும் செல்லாது, இரண்டு மடங்கு கேட்பார்கள். மே, ஜூன், ஆகஸ்ட்டில் மலிவு, குளிரும்.

ஞாயிறு காலை 10 மணிக்கு ரூமைக் காலி பண்ணணும், ஃபிளைட் ராத்திரி 8 மணிக்கு. பையை எங்க வைக்கிறது?

அறையைக் காலி செய்தபின் பையை விடுதியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரும்பாலும் இலவசமாகவோ ஓரிரு டாலருக்கோ வைப்பார்கள். ரயில் நிலையப் பெட்டகம் இருக்கிறது, ஆனால் வாடகை அதிகம். பெல்கிரேவ் போகிறவர்கள் மாலை 4 மணிக்குள் நகரத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

அவருக்கு எம்.சி.ஜி. கிரிக்கெட் மைதானம் பார்த்தே ஆகணும், எனக்கு அதுல துளி ஆர்வமில்ல. என்ன செய்யலாம்?

பிரிந்து போங்கள், மூன்று மணி நேரம். இதை நான் மனதாரச் சொல்கிறேன். இருவரும் ஒட்டிக்கொண்டே சுற்ற வேண்டும் என்று சட்டமில்லை. அவர் யாரா ஆற்றோரம் நடந்தே மைதானம் போகட்டும், நீங்கள் நூலகத்திலோ கலைக்கூடத்திலோ இருங்கள். ஆளுக்கொரு மைகி என்று முன்பு சொன்னேனே, அது இங்கேயும் உதவும்.

திரும்பச் சந்திக்க ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையத்தின் வாசல் கடிகாரங்கள். மஞ்சள் கட்டடம், வளைவுக்குக் கீழே வரிசையாக வட்டக் கடிகாரங்கள், அகலமான படிக்கட்டு. தலைமுறை தலைமுறையாக மெல்பர்ன்காரர்கள் ‘கடிகாரத்துக்குக் கீழே’ என்றுதான் சந்திக்கச் சொல்வார்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் அங்கே நின்றால் கண்டுபிடித்துவிடலாம். முந்தி வருபவர் மேல்படியில் நில்லுங்கள். சாலை கடந்து வருபவர் முகம் தூரத்திலிருந்தே தெரியும்.